பகிடி எழுதிய ஒருவரின் வாழ்க்கை: டக் கெனி படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் குறும்படம் எடுக்கிற, மேடைக்குப் பகிடி எழுதுகிற இளம் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். அவர்களுக்கு நான் விடாமல் சொல்கிற படம் ஒன்று உண்டு: 'எ ஃபியூட்டைல் அண்ட் ஸ்டுப்பிட் ஜெஸ்சர்'. பார்த்தவர்களும் பார்க்க யோசிக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆளுக்கொரு வட்ஸ்அப் குரல்பதிவு அனுப்புவதை விட, எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

இது யாரைப் பற்றிய படம்?

டக் கெனி என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரைப் பற்றியது. 1946 டிசெம்பரில் பிறந்தார், 1980 ஓகஸ்டில் 33 வயதில் இறந்து போனார். அதற்குள் 'நஷனல் லம்பூன்' என்ற பகிடிப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார், 'அனிமல் ஹவுஸ்', 'கடிஷாக்' என்ற இரண்டு சிரிப்புப் படங்களை மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார். இன்றைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் நாம் பார்க்கிற பகிடியில் பெரும் பங்கு அந்தப் பத்திரிகையில் இருந்து கிளம்பிய ஆட்களால் வந்தது.

ஜோஷ் கார்ப் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்து டேவிட் வெயின் இயக்கியிருக்கிறார். கெனியாக வில் ஃபோர்ட்டே, அவருடைய கூட்டாளி ஹென்றி பியர்டாக டொம்னல் கிளீசன் நடிக்கிறார்கள்.

எங்கே பார்க்கலாம்? வீட்டில் எல்லோரும் இருந்து பார்க்கலாமா?

2018 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் அம்மா, அப்பா, சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிற படம் இல்லை. கெட்ட வார்த்தை, நிர்வாணம், போதைப்பொருள் எல்லாம் தாராளமாக வரும். வளர்ந்த ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து பார்த்து, முடிந்த பிறகு இருந்து கதையுங்கள். தனியாகப் பார்ப்பதை விட அது நல்லது.

அந்தப் பத்திரிகையில் அப்படி என்ன இருந்தது?

எங்களிடம் 'சிரித்திரன்' இருந்தது. கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம், எல்லோருக்கும் தெரிந்த பெயரில் சொன்னால் சிரித்திரன் சுந்தர், 1960களில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து நடத்திய பத்திரிகை. சவாரித்தம்பரும் மிஸிஸ் டாமோடிரானும் அதில் உலாவினார்கள். மகுடி கேள்வி பதிலைப் படிக்கவென்றே வாங்கியவர்கள் இருந்தார்கள். வன்னியில் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த குடும்பங்களின் பெட்டிகளிலும் அதன் பழைய பிரதிகள் வந்து சேர்ந்தன. அந்த இடத்தில் இருந்து யோசித்தால் லம்பூனைச் சுலபமாகப் பிடிக்கலாம். ஊரின் பெருமை, சாதி, சீதனம், வெளிநாட்டு மோகம் என்று சுந்தர் தொட்டதுபோல, கெனியும் பியர்டும் வியட்நாம் போரையும் ஜனாதிபதி நிக்சனையும் தங்கள் பள்ளிக்கூட வாழ்க்கையையும் எடுத்துக் கிழித்தார்கள். வித்தியாசம், சுந்தரின் பகிடி வீட்டுத் திண்ணையில் வைத்துப் படிக்கக்கூடியது. லம்பூன் ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியது.

இருவரும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் நகைச்சுவை இதழில் சேர்ந்து எழுதியவர்கள். ரொபர்ட் ஹொஃப்மன் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு 1970 ஏப்ரலில் முதல் இதழைக் கொண்டு வந்தார்கள். 1973 ஜனவரி இதழின் அட்டையைத் தேடிப் பாருங்கள். ஒரு நாய், அதன் தலையில் துப்பாக்கி. இந்தப் புத்தகத்தை வாங்காவிட்டால் நாயைக் கொன்றுவிடுவோம் என்று எழுதியிருக்கும். நாயின் கண் துப்பாக்கிப் பக்கம் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பார்வை இல்லாவிட்டால் அது வெறும் குரூரமான படம்தான். பகிடி எந்த இடத்தில் உயிர் பெறுகிறது என்று எங்கள் ஆட்களுக்குக் காட்ட நான் எடுக்கிற முதல் உதாரணம் அதுதான்.

1974இல் ஓர் இதழ் பத்து இலட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அமெரிக்கப் பகிடி விளங்குமா?

பாதி விளங்காது. பரவாயில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெயர்கள் வேகமாக வந்து போகும், அதில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு பேருடைய நட்பை. ஒருவன் ஓயாமல் கதைப்பான், மற்றவன் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு அளந்து பேசுவான். ஒரு வாங்கில் இருந்து படித்த இரண்டு கூட்டாளிகள் பிறகு எப்படித் தூரமாகிப் போகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் கனக்கத் தேவையில்லை.

காசும் புகழும் வந்த ஆளுக்கு என்ன கவலை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அநேகமாகக் கொஞ்சம் கோபத்தோடு வருகிறது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு மறுபடி கொட்டில் போட்டு, வயல் செய்து, நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கிற ஊரில் இருந்து பார்த்தால் ஒரு பணக்கார வெள்ளைக்காரப் பெடியனின் துக்கம் பெரிதாகத் தெரியாதுதான்.

படம் சொல்வதைப் பொறுமையாகப் பாருங்கள். கெனிக்கு ஓர் அண்ணன். வீட்டின் செல்லப் பிள்ளை. நோய்ப்பட்டு இளம் வயதில் இறந்து போகிறான். மிஞ்சிய பிள்ளை தான் போதாது என்ற நினைப்போடு வளர்கிறது. பிறகு என்ன எழுதினாலும் எவ்வளவு உழைத்தாலும் தாய் தகப்பனின் முகத்தில் ஒரு மாற்றத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார். செத்த பிள்ளையின் படத்துக்குக் கீழே வளர்ந்த தம்பிமாரும் தங்கச்சிமாரும் வன்னியில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களில் சிலர் என்னோடு வேலை செய்கிறார்கள். இந்தக் காட்சிகளை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டி வரவில்லை.

இன்னோர் இடம். பத்திரிகை நன்றாகப் போகிற நேரத்தில் கெனி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் காணாமல் போகிறார். வேலை முழுவதும் பியர்டின் தலையில் விழுகிறது. கெனி எங்கோ கூடாரத்தில் இருந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டு திரும்பி வருகிறார். பியர்ட் படிக்கிறார், அவருக்குப் பிடிக்கவில்லை. கெனி அதைக் குப்பைக்குள் போட்டுவிடுகிறார். இது உண்மையிலும் நடந்தது. ஒரு நண்பனின் ஒரு சொல்லில் ஒரு முழுப் புத்தகமும் போய்விடுகிறது. பியர்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்காக இரண்டு பேரின் வேலையைத் தனியாகச் செய்து களைத்த மனிதன் அவர்.

1975இல் மூன்று நண்பர்களும் தங்கள் பங்குகளைக் கொடுத்து, மூவருக்குமாக 75 இலட்சம் டொலர் வாங்குகிறார்கள். பியர்ட் அன்றோடு எழுந்து போய்விடுகிறார். கெனிக்கு அப்போது 28 வயது. 1978இல் 'அனிமல் ஹவுஸ்' வருகிறது. 30 இலட்சம் டொலருக்குள் எடுத்த படம் 14 கோடிக்கு மேல் உழைக்கிறது. அதற்குள் கொக்கெயின் அவரைப் பிடித்துவிட்டது. படம் இதை மினுக்கிக் காட்டவில்லை என்பது எனக்குப் பிடித்தது. முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டு எடுக்கிறார்கள், பிறகு சிரிக்காமல் எடுக்கிறார்கள். ஐஸ் என்ற பெயரில் எங்கள் ஊர்களுக்குள் வந்திருக்கிற சாமானைப் பற்றிப் பெடியளோடு கதைக்க வேண்டியவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

போர் முடிந்த பிறகு மெனிக் பாம் முகாமில் நாங்கள் இருந்த தறப்பாள் வரிசையில் ஒரு அண்ணை இருந்தார். தண்ணிப் பவுசர் வருகிற நேரம் வாளியோடு வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் சிரிக்க வைப்பார். பவுசர் சாரதி மாதிரி நடப்பார், பங்கீட்டுக்காரர் மாதிரிக் கதைப்பார். கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். அவருடைய மனைவியும் மகளும் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் செத்துப் போய்விட்டார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. கெனியைச் சுற்றி நின்று சிரித்த ஆட்களைப் பார்க்கிற போதெல்லாம் அந்த வரிசை எனக்கு ஞாபகம் வரும்.

கதை சொல்கிற அந்த வயதான ஆள் யார்?

(முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இதையும் அடுத்த இரண்டு கேள்விகளையும் படத்துக்குப் பிறகு படியுங்கள்.)

மார்ட்டின் மல் என்ற நடிகர். 2024இல் காலமானார். தொடக்கத்தில் இருந்தே முதிய டக் கெனியாக வந்து கமெராவைப் பார்த்துத் தன் கதையைச் சொல்கிறார், இளம் கெனியின் மீது கிண்டலும் இரக்கமும் காட்டுகிறார். 33 வயதில் போன ஆளுக்கு ஏது முதுமை? கடைசியில்தான் தெரிய வருகிறது: அப்படி ஒரு ஆள் கிடையாது, வாழக் கிடைக்காத வயதைப் படம் தானாக அவருக்குக் கொடுத்திருக்கிறது.

சில விமர்சகர்கள் இதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று சொல்லித் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் படத்தின் இருதயம். எங்கள் ஊர்த் தாய்மார் செய்வதும் இதைத்தான். 'என்ர பிள்ளை இருந்திருந்தா இப்ப முப்பத்தெட்டு, கலியாணம் கட்டிப் பிள்ளையளும் இருக்கும்' என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வயது கூட்டுவார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து அந்தப் பக்கத்தால் போகிறவர்களுக்குத் தெரியும், கையில் இருக்கிற படங்களில் பிள்ளைகளுக்கு வயது போவதில்லை, பிடித்திருக்கிற கைகளுக்குத்தான் போகிறது. ஹொலிவூட்காரர் ஒருவர் பகிடி எழுத்தாளரைப் பற்றி எடுத்த படத்தில் இதே கணக்கைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து இருந்துவிட்டேன். இந்தப் படத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிவதற்கு அதுதான் காரணம்.

காட்டுவதெல்லாம் உண்மையா?

இல்லை, அதைப் படமே ஒத்துக்கொள்கிறது. நடுவில் ஓர் இடத்தில் மாற்றிய விஷயங்களின் நீண்ட பட்டியல் ஒன்று திரையில் ஓடும். நிறுத்தி வாசியுங்கள். வாழ்க்கைக் கதை எடுக்கிறவர்கள் நேரத்தைச் சுருக்குவார்கள், இரண்டு ஆட்களை ஒருவராக்குவார்கள், அது வழக்கம். பார்க்கிறவருக்கு அதைச் சொல்லிவிட்டுச் செய்வது அபூர்வம். வில் ஃபோர்ட்டேக்கு நாற்பது கடந்த வயது, இருபது வயதுப் பெடியனாக நடிக்கிறார், அதையும் மறைக்கவில்லை.

அவர் தற்கொலை செய்துகொண்டாரா?

1980 ஜூலை 25இல் 'கடிஷாக்' வெளிவந்தது. விமர்சனங்கள் சாதகமாக இல்லை, கெனி நொறுங்கிப் போனார். கொஞ்சம் ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றுவதற்காக நடிகர் செவி சேஸோடு ஹவாய்க்குப் போனார். சேஸ் வேலைக்குத் திரும்பிவிட, கெனி தங்கிவிட்டார். பிறகு காவாய் தீவில் ஒரு மலை விளிம்பின் கீழே அவருடைய உடல் கிடந்தது. விபத்து என்றுதான் அதிகாரபூர்வமாக முடிவானது. நண்பர்கள் அந்தச் சாவையும் பகிடியாக்கினார்கள், வேறு விதமாகத் துக்கம் கொண்டாட அவர்களுக்குத் தெரியவில்லை. படமும் முடிவு சொல்லாமல் விடுகிறது. அது சரியான தீர்மானம். யாரும் காணாத ஒரு நிமிடத்தை நடித்துக் காட்ட எவருக்கும் உரிமை இல்லை.

படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

பெண்கள். மனைவி அலெக்ஸும், பிறகு வருகிற நடிகை கத்ரின் வோக்கரும் கெனி கெட்டுப் போவதைப் பார்த்துக் கண் கலங்குவதற்கென்றே வைக்கப்பட்டவர்கள் மாதிரி இருக்கிறார்கள். ஆண்கள் நிறைந்த அந்தக் கந்தோரில் எழுதிய ஆன் பீட்ஸின் கதையைத் தனியாகவே ஒரு படமாக எடுக்கலாம், இதில் சில நிமிடங்கள்தான் கிடைக்கிறது. பத்திரிகை பெண்களையும் கறுப்பினத்தவரையும் வைத்து அடித்த பகிடிகளில் பல இன்றைக்கு வாசிக்க முடியாதவை. படம் அதைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது.

மற்றது, பிரபலமான ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முகம் காட்டிப் போகிற பகுதி நீளம்.

நல்ல பகிடி எழுதக் கஷ்டப்பட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். இந்த நினைப்பை எங்கள் இளம் ஆட்களின் தலையில் இருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கெனியின் நல்ல எழுத்து எப்போது வந்தது என்று பாருங்கள். பியர்டோடு ஓர் அறையில் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தபோது. ஹரல்ட் ராமிஸ், கிறிஸ் மில்லர் இருவரோடும் இருந்து 'அனிமல் ஹவுஸ்' எழுதியபோது. பக்கத்தில் ஆள் இருந்தபோது எழுதினார், தனித்துப் போனபோது எழுத்தும் போய்விட்டது. கூத்துப் பழகுகிற இடங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். காத்தவராயனுக்குப் பாட்டுக் கொப்பி இருக்கிறது. பபூனுக்குப் பேச்சில் பாதி ஒத்திகையில் பிறக்கிறது, அண்ணாவியார் சிரிக்கிற சிரிப்பில்தான் எந்த வரி நிற்கும் என்று தெரியும்.

எங்கள் ஊர்ப் பகிடிக்காரர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்க விருப்பம். எங்கே தொடங்குவது?

எடுங்கள். புதுக்குடியிருப்பில், வட்டக்கச்சியில், மல்லாவியில், எங்கே கேட்டாலும் ஊருக்கு ஒரு ஆள் இருந்திருப்பார்: பபூன் வேடக்காரர், சந்தையில் வியாபாரத்தோடு வியாபாரமாகக் கதை விட்டவர், செத்தவீட்டில் இரவிரவாக ஆட்களை விழித்திருக்க வைத்தவர்.

முதலில் வீட்டாரிடம் போங்கள். கமெரா கொண்டு போக வேண்டாம். தேத்தண்ணி குடித்துவிட்டு, அவரைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் போய், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். மனைவியோ பிள்ளையோ ஒரு விஷயத்தை வேண்டாம் என்றால் அதை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும். குடித்தவர், அடித்தவர் என்றால் அதை மறைத்துத் தெய்வமாக்கவும் வேண்டாம். கெனி படத்தில் அவர் மனைவிக்குச் செய்த துரோகம் அப்படியே வருகிறது, அதற்குப் பிறகும் அவர் மேல் இரக்கம் போகவில்லை.

அடுத்த சிக்கல் சான்றுகள். அமெரிக்கர்களிடம் கெனியின் படங்கள், இதழ்கள், கடிதங்கள் எல்லாம் இருந்தன. எங்களிடம் அல்பம் இல்லை. 2009இல் கிளிநொச்சியில் இருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் போன வழியில் பெட்டியும் போனது, அல்பமும் போனது. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம் மிஞ்சியிருந்தால் பெரிய விஷயம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் கேளுங்கள், சமாதான காலத்தில் எடுத்த கலியாண வீடியோக்கள் அங்கே சிலரிடம் பத்திரமாக இருக்கின்றன. மணவறைக்குப் பின்னால், பந்தலுக்குள், உங்கள் ஆள் ஒரு மூலையில் நின்று பகிடி விட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

அதுவும் கிடைக்காவிட்டால் அவருடைய பகிடிகளைச் சேருங்கள். ஒரே பகிடியை நாலு பேரைச் சொல்லச் சொல்லிப் பதியுங்கள். நாலும் நாலு விதமாக இருக்கும், அந்த நாலுக்கும் நடுவில் அவருடைய குரல் இருக்கும். இல்லாததைக் கற்பனை செய்யத்தான் வேண்டும் என்றால் செய்யுங்கள், படத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

சாவுக் காட்சி எடுக்க வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் எப்போதும் சிரிக்க வைக்கிற ஒருவர். அவரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். முதல் தரம் பகிடி விட்டுத்தான் சமாளிப்பார். சிரித்துவிட்டு, மறுபடி கேளுங்கள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஓர் இடம் கிடைக்கும். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள், அன்று இரவு தனியாக விடாதீர்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழில் கதைக்கலாம். மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம் அவருக்கு இருந்தால் நீங்களும் கூடப் போங்கள், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருங்கள்.

பார்த்துவிட்டேன். அடுத்தது என்ன பார்க்கலாம்?

எங்கள் பக்கத்தில் இருந்து ஒன்று: மரைக்கார் ராம்தாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஊரே கேட்ட நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று படமானது. வானொலியில் சிரிக்க வைத்த குரல்களைத் திரைக்குக் கொண்டு வருவது எவ்வளவு பாடு என்று படிக்க நல்லது.

கெனியின் வேலையில் முதலில் 'அனிமல் ஹவுஸ்'. விமர்சகர்கள் கைவிட்ட 'கடிஷாக்' பிறகு அமெரிக்கர்கள் மனப்பாடமாகச் சொல்கிற படமாகிவிட்டது, அதையும் பாருங்கள். 'அனிமல் ஹவுஸி'ல் ஸ்டோர்க் என்ற கண்ணாடி போட்ட மெலிந்த பெடியன் ஒருவன் வருவான். அணிவகுப்புக் காட்சியில் முன்னால் போகிறவனின் கோலைப் பறித்து, முழு வாத்தியக் குழுவையும் முட்டுச் சந்துக்குள் கொண்டு போய் விடுகிறவன். அது டக் கெனியேதான். வில் ஃபோர்ட்டேயின் முகத்தைப் பார்த்துப் பழகிய பிறகு, உண்மையான ஆளின் முகத்தை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.